சப்மிட் பட்டனை எப்போ அமுக்குறது?

ஃபைனல் இயர் வந்ததுல இருந்து ஜூனியர்ஸ் என்கிட்ட கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, "அக்கா, ப்ராஜெக்ட் டைட்டில் ஓகே ஆயிருச்சா?" இன்னொண்ணு, "மாஸ்டர்ஸுக்கு அப்ளிகேஷன் எப்போ போடணும்?" முதல் கேள்வியை விட்டுருவோம். ரெண்டாவதுக்கு என்கிட்ட கொஞ்சம் பதில் இருக்கு. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாட்ஸப்ல தனித்தனியா வாய்ஸ் நோட் போடுறதுக்கு பதிலா இங்கேயே எழுதிடறேன்.

இந்தக் கேள்விக்கு ஊர்ல ரெண்டு ரெடிமேட் பதில் சுத்திக்கிட்டு இருக்கு. கன்சல்டன்சிக்குப் போனா, "சீட் ஃபில் ஆகிட்டே இருக்கும்மா, இன்னிக்கே போட்டுருங்க" என்பார்கள். சீனியர்ஸைக் கேட்டா, "டெட்லைன் அன்னிக்கு ராத்திரி போட்டாலும் ஒண்ணுதான், டென்ஷன் ஆகாத" என்பார்கள். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. ரெண்டு பேரும் வேற வேற யுனிவர்சிட்டியைப் பத்தி பேசுறாங்க, அவ்வளவுதான். (கன்சல்டன்சி அவசரப்படுத்துறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல கன்சல்டன்சிகளுக்கு நாம போய் சேர்ந்தா அந்த யுனிவர்சிட்டி கமிஷன் கொடுக்கும். அதுல தப்பு ஒண்ணும் இல்லை, ஆனா அவங்க சொல்ற "இன்னிக்கே"வைக் கேக்கும்போது அது நம்ம ஞாபகத்துல இருக்கணும்.)

பேட்ச்சா, க்யூவா?

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஷெட்யூலிங் படிச்சிருப்போம். வேலை வர வர ஒவ்வொண்ணா எடுத்து முடிக்கிறது ஒரு முறை. எல்லாத்தையும் சேர்த்து வெச்சு ஒரே மூச்சில ஓட்டுறது இன்னொரு முறை. அட்மிஷனும் அப்படித்தான். நாம அப்ளை பண்ற இடம் எந்த முறையில ஓடுதுன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துரும்.

பேட்ச் முறைக்கு நமக்கெல்லாம் நல்லா தெரிஞ்ச உதாரணம் நம்ம டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்தான். பன்னிரண்டாவது முடிச்சப்போ ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் ஆன முதல் நாளே காலையில பிரவுசிங் சென்டர் வாசல்ல நின்ன ஆட்கள் உண்டு. அதனால ரேங்க்ல ஒரு இடம் கூட முன்னாடி வராது. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்கு கட் ஆஃப். ஒரே கட் ஆஃப் வந்தா முதல்ல கணக்கு மார்க், அப்புறம் பிசிக்ஸ் மார்க்னு பார்த்துக்கிட்டே போய், கடைசியில பிறந்த தேதி, அதுவும் ஒண்ணா இருந்தா ரேண்டம் நம்பர். "யார் முதல்ல பதிவு பண்ணது" அந்த வரிசையிலேயே கிடையாது.

கேட் எழுதி ஐ.ஐ.டி.யில எம்.டெக் போறதும் பேட்ச்தான். பரீட்சை பிப்ரவரியில, ரிசல்ட் மார்ச்சுல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியா அப்ளிகேஷன் போட்டு, கோவாப் போர்ட்டல்ல ஆஃபர் வர்றதைப் பார்த்து, எடுத்துக்கறதா, கையில வெச்சுக்கிட்டு அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கறதா, வேண்டாம்னு சொல்லிட்டுக் காத்திருக்கறதான்னு முடிவு பண்ணணும். ஸ்கோரும் இன்டர்வியூவும்தான் அங்க பேசும். போர்ட்டல் திறந்த அன்னிக்கே போட்டவரும் மூடுற அன்னிக்கு போட்டவரும் ஒரே குவியல்ல விழுவாங்க. என்.ஐ.டி.க்களுக்கான சி.சி.எம்.டி.யும் அதே கதை.

வெளிநாட்டுல ஆக்ஸ்ஃபோர்டு இதே மாதிரி. டிசம்பர், ஜனவரியில ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு டெட்லைன் இருக்கும். அதுக்குள்ள வந்த எல்லாத்தையும் சேர்த்துதான் பரிசீலனை பண்ணுவாங்க, முன்கூட்டியே போட்டதுக்குன்னு தனி சலுகை கிடையாது. அமெரிக்காவுல பி.எச்டி.க்கும், ஆராய்ச்சிப் பக்கம் போற பல எம்.எஸ். கோர்ஸுகளுக்கும் டிசம்பர் 1, டிசம்பர் 15 மாதிரி தேதிகள் வெச்சிருப்பாங்க. கமிட்டி உட்கார்ந்து படிக்கறதே அதுக்குப் பிறகுதான். செப்டம்பர்லயே அனுப்பிட்டு அக்டோபர் முழுக்க தினமும் ஸ்டேட்டஸ் பேஜை ரெஃப்ரெஷ் பண்றதுல எந்தப் பலனும் இல்லை.

இப்போ க்யூ. இதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் "ரோலிங் அட்மிஷன்". வர்ற வரிசையிலயே படிப்பாங்க, பிடிச்சா ஆஃபர் கொடுப்பாங்க, சீட் தீர்ந்தா கதவை மூடுவாங்க. லண்டன்ல இருக்கிற எல்.எஸ்.இ.யில பல மாஸ்டர்ஸ் கோர்ஸ் இப்படித்தான். அயர்லாந்துல நிறைய, அமெரிக்காவுல ஆராய்ச்சி இல்லாத எம்.எஸ். கோர்ஸ்களிலும் கணிசமா உண்டு. இங்க தேதி முக்கியம். நவம்பர்ல 60 சீட்டுக்கு நடக்கிற போட்டி மார்ச்சுல 10 சீட்டுக்கு நடக்கும்னு வெச்சுக்குங்களேன். அதே ப்ரொஃபைல், அதே எஸ்.ஓ.பி., ஆனா வேற முடிவு. சீட் மட்டும் இல்லை, ஸ்காலர்ஷிப் பணமும் ஹாஸ்டல் ரூமும் முன்னாடி வந்தவங்களுக்குத்தான் மிச்சம் இருக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல "ப்ரையாரிட்டி டெட்லைன்"னு ஒண்ணு இருக்கு. அந்தத் தேதிக்குள்ள வந்தவங்க எல்லாரும் ஒரு பேட்ச், அதுக்குப் பிறகு வர்றவங்க எல்லாம் க்யூ. இங்க ஃபைனல் டெட்லைன்னு போட்டிருக்கிற தேதியை மறந்துடலாம். ப்ரையாரிட்டி தேதிதான் உண்மையான டெட்லைன்.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? யுனிவர்சிட்டி ஹோம் பேஜ்ல பார்த்துட்டு விடாதீங்க. ஒரே யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் பேட்ச்லயும் மெக்கானிக்கல் க்யூலயும் ஓடலாம். டிபார்ட்மென்ட்டோட அட்மிஷன் பேஜுக்குப் போய் கேள்வி பதில் பகுதியை முழுசா படிங்க. அதுலயும் தெளிவு இல்லைன்னா ரெண்டு வரியில ஒரு மெயில். "டெட்லைனுக்கு முன்னாடியே அப்ளிகேஷன்களைப் பரிசீலிப்பீங்களா, இல்லை பிறகா?" இதுக்கு பதில் போடாத ஆபீஸ் குறைவு.

ஜெர்மனி தனிக் கதை

நம்ம டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் ஜெர்மனி பக்கம் பார்க்கிறதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். மேலோட்டமா பார்த்தா ஜெர்மனி பேட்ச்தான். அக்டோபர்ல தொடங்குற விண்டர் செமஸ்டருக்கு பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. ஆனா நம்மளை மாதிரி வெளிநாட்டு மாணவர்களுக்கு நிறைய மாஸ்டர்ஸ் கோர்ஸ்ல தேதி முன்னாடியே வந்துரும், மே 31, மார்ச் 31 மாதிரி. டெட்லைனுக்குப் பிறகுதான் தேர்வு. சரி, அப்போ கடைசி வாரத்துல போடலாமே?

போட முடியாது. ஏன்னா பேட்ச்சுக்கு முன்னாடி ஒரு க்யூ இருக்கு. பல ஜெர்மன் யுனிவர்சிட்டிகள் வெளிநாட்டு சர்டிஃபிகேட்டைத் தாங்களே சரிபார்க்கிறதில்லை. யூனி-அசிஸ்ட்ங்கிற பொது அமைப்பு வழியா வரச் சொல்லும். அங்க முதல் கோர்ஸுக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்த ஒவ்வொண்ணுக்கும் 30 யூரோ. பணமும் டாக்குமெண்டும் முழுசா சேர்ந்த பிறகு சரிபார்க்க அவங்க எடுத்துக்கறது சாதாரணமா 4லேர்ந்து 6 வாரம். அதனாலதான் டெட்லைனுக்கு 8 வாரம் முன்னாடியே அனுப்பச் சொல்றாங்க.

அந்த 8 வாரம் வெறும் காத்திருப்பு இல்லை, ரிப்பேர் டைம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் அண்ணன், கோட்டைப்பட்டினம் பக்கம், ஏப்ரல் தொடக்கத்துல போட்டார். ஒரு மாசம் கழிச்சு மெயில் வந்துச்சு: ஆறாவது செமஸ்டர் மார்க்‌ஷீட் ஸ்கேன் இல்லை. அன்னிக்கு ராத்திரியே அப்லோட் பண்ணி, டெட்லைனுக்கு முன்னாடி ஃபைல் முழுசாச்சு. இதே மெயில் டெட்லைன் முடிஞ்ச பிறகு வந்திருந்தா 75 யூரோவும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. இன்னிக்கு அவர் ஆகன்ல இருக்கார்.

யூனி-அசிஸ்டுக்கும் முன்னாடி இன்னொரு க்யூ, ஏ.பி.எஸ். சர்டிஃபிகேட். நம்ம டிகிரியும் மார்க்‌ஷீட்டும் உண்மைதான்னு டெல்லியில இருக்கிற ஆபீஸ் சரிபார்த்துத் தர்றது. 2022 நவம்பர் 1லேர்ந்து ஸ்டூடண்ட் விசாவுக்கு இது கட்டாயம். பல யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் போடும்போதே கேக்குது. இதுக்கு வாரக்கணக்குல ஆகும், கூட்டம் இருந்தா இன்னும் இழுக்கும். ஆக ஜெர்மனிக்கு "எப்போ சப்மிட்?"ங்கிற கேள்விக்கு உண்மையான பதில், "ஏ.பி.எஸ்.ஸுக்கு எப்போ போட்டீங்க?" என்பதுதான். மே 31 டெட்லைன்னா மார்ச் கடைசியில யூனி-அசிஸ்ட், அப்போ அதுக்கு முந்தின வருஷக் கடைசியிலயே ஏ.பி.எஸ். கணக்கைப் பின்னாடியிலிருந்து போட்டாத்தான் தேதி வரும்.

இன்னும் ஒரு வாரம் வெச்சிருந்தா என்ன மாறும்?

எங்க அப்ளை பண்றோம்னு தெரிஞ்சாச்சு. இப்போ நம்ம பக்கம். அப்ளிகேஷனை கையில வெச்சுக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு வாரமும் என்னை நானே கேட்டுக்கிட்ட கேள்வி இது: இந்த வாரம் காத்திருந்தா இந்த ஃபைல்ல எந்த நம்பர் மாறும், எந்த பேப்பர் சேரும்? பதில் "ஒண்ணும் இல்லை"ன்னா, அன்னிக்கு அனுப்பிடணும். எஸ்.ஓ.பி.யில ஒரு கமாவை எடுத்துட்டு மறுநாள் அதே கமாவைத் திரும்பப் போடுறது காத்திருப்பு இல்லை, பயம்.

உண்மையிலேயே மாறக்கூடியது மூணு விஷயம்தான், அதுல ரொம்பக் குழப்புறது ஏழாவது செமஸ்டர் மார்க். "சி.ஜி.பி.ஏ. 7.9 இருக்கு, ரிசல்ட் வந்தா 8 தாண்டிரும், அதுவரைக்கும் வெயிட் பண்ணவா?"ன்னு கேக்காத ஆளே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு செமஸ்டர்ல 130 கிரெடிட், சி.ஜி.பி.ஏ. 7.90. பெருக்கினா 1027 பாயிண்ட். ஏழாவது செமஸ்டர்ல 20 கிரெடிட். மொத்தம் 150 கிரெடிட்டுக்கு 8.00 வேணும்னா 1200 பாயிண்ட். இருபது கிரெடிட்ல 173 பாயிண்ட் எடுக்கணும், அதாவது அந்த செமஸ்டர் ஜி.பி.ஏ. 8.65. நீங்க இதுவரைக்கும் 7.9 சராசரியில ஓடிட்டு திடீர்னு 8.65 எடுக்கிற ஆளான்னு உங்களுக்குத்தான் தெரியும். 8.5 எடுத்தாக்கூட 7.98தான் வரும். கிரெடிட் ஏற ஏற ஒரு செமஸ்டரோட தாக்கம் குறைஞ்சுக்கிட்டே போகும், கடல்ல பெருங்காயம் கரைச்ச மாதிரி.

அதோட நவம்பர்-டிசம்பர் பரீட்சையோட ரிசல்ட் டிசம்பர் 15 டெட்லைனுக்குள்ள வரப்போறதில்லை. அதனால அமெரிக்க டிசம்பர் டெட்லைனுக்கு இந்தக் கேள்வியே எழாது, ஆறு செமஸ்டரோட போட்டுட்டு, ரிசல்ட் வந்ததும் அப்டேட் அனுப்பலாமான்னு கேட்டுக்கலாம். மார்ச், மே டெட்லைன் இருக்கிற பேட்ச் இடங்களுக்கு மட்டும் காத்திருக்கலாம், அங்க காத்திருக்கறதுக்கு விலை கிடையாது. க்யூ முறையில ஓடுற இடத்துல 0.05 சி.ஜி.பி.ஏ.வுக்காக ரெண்டு மாசம் பின்னாடி போறது என் கணக்குல நஷ்டம். ஒரே விதிவிலக்கு: அவங்க பேஜ்ல "குறைந்தபட்சம் 8.0"ன்னு கறாரா கோடு போட்டிருந்தா. அப்போ 7.98ஐ வெச்சுக்கிட்டு போட்டா ஃபீஸ்தான் வேஸ்ட்.

ரெண்டாவது, ஜி.ஆர்.இ. ஸ்கோர். திரும்ப எழுதணும்னா முந்தின பரீட்சையிலிருந்து 21 நாள் இடைவெளி வேணும், ஸ்கோர் வர இன்னொரு 8லேர்ந்து 10 நாள். கூட்டினா ஒரு மாசம். டிசம்பர் 15க்கு வேணும்னா முதல் முயற்சி அக்டோபர் கடைசியைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு மாசத்துல நம்ம செமஸ்டர் எக்ஸாமும் விழுதுங்கிறதை மறந்துடாதீங்க. ஜி.ஆர்.இ. வேண்டாம்னு சொல்ற யுனிவர்சிட்டியும் இப்போ நிறைய, முதல்ல அதைப் பாருங்க. மூணாவது, கையில ஓடிக்கிட்டு இருக்கிற பேப்பர் ஏதாவது கான்ஃபரன்ஸ்ல ஏத்துக்கிட்டா அது சேரும். "சமர்ப்பிச்சிருக்கோம்"ங்கிற நிலையில அதுக்காகக் காத்திருக்கறது வேண்டாம்.

சப்மிட் ஆனது வேற, கம்ப்ளீட் ஆனது வேற

பட்டனை அமுக்கின உடனே "வாழ்த்துகள்"னு பச்சைக் கலர்ல வரும். நம்பாதீங்க. க்யூவுல நம்ம இடம் எண்ணப்படுறது பெரும்பாலும் நாம சப்மிட் பண்ண தேதியிலிருந்து இல்லை, ஃபைல் முழுசான தேதியிலிருந்து. நம்ம ஃபைல்ல நம்ம கையில இல்லாத ஒரே விஷயம் ரெக்கமண்டேஷன் லெட்டர். மூணு பேர் அனுப்பணும். அதுல ஒருத்தர் மட்டும் அனுப்பலைன்னாலும் அக்டோபர்ல போட்ட அப்ளிகேஷன் ஜனவரி வரைக்கும் மூலையில கிடக்கும்.

இதுல கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒண்ணு. சில போர்ட்டல்ல சார் பேரையும் மெயிலையும் போட்டு சேவ் பண்ண உடனே அவருக்கு லிங்க் போயிடும். சிலதுல நாம ஃபீஸ் கட்டி சப்மிட் பண்ண பிறகுதான் லிங்க்கே கிளம்பும். ரெண்டாவது வகையில டெட்லைன் அன்னிக்கு சப்மிட் பண்ணா, சாருக்கு மெயில் போறதே அன்னிக்குத்தான். அவர் அன்னிக்கு எங்க இருப்பார்? நவம்பர்-டிசம்பர்ல நம்ம ஸ்டாஃப் எல்லாரும் இன்விஜிலேஷன், இல்லைன்னா வேல்யூவேஷன் கேம்ப். காலையில போனை வாங்கி வெச்சுட்டு சாயங்காலம்தான் கொடுப்பாங்க. அவரைக் குறை சொல்ல முடியுமா?

அதனால லெட்டரை செப்டம்பர்லயே கேட்டுடுங்க. மெயில்ல இல்லை, நேர்ல போய். ரெஸ்யூமே, மார்க்‌ஷீட், எந்த யுனிவர்சிட்டி, எந்தத் தேதின்னு ஒரே ஒரு ஷீட் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க. "நீயே ஒரு டிராஃப்ட் எழுதிட்டு வாம்மா"ன்னு சொல்வாங்க, அது நம்ம ஊர் வழக்கம். ஆனா அதை அப்படியே மூணு பேர்கிட்டயும் ஒரே நடையில எழுதிக் கொடுக்காதீங்க. உங்களைப் பத்தி அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தைக் குறிப்பா எழுதிக் கொடுத்து, லெட்டரை அவங்களையே எழுதச் சொல்றதுதான் நேர்மை, படிக்கிற கமிட்டிக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, பல யுனிவர்சிட்டி ஜிமெயில் ஐடியை ஏத்துக்காது, காலேஜ் ஐடி கேக்கும். நிறைய சாருக்கு காலேஜ் ஐடியோட பாஸ்வேர்டே மறந்திருக்கும். அதை ரீசெட் பண்ண சிஸ்டம் அட்மின்கிட்ட ஓடுற நாளையும் கணக்குல சேர்த்துக்குங்க.

கடலும் காலண்டரும்

ஹைதராபாத், பெங்களூர் பசங்க போடுற யூட்யூப் வீடியோல வராத பகுதி இது. நான் மணமேல்குடி. ஒரு பக்கம் ஈ.சி.ஆர்., மறு பக்கம் பாக் ஜலசந்தி. எங்க பக்கம் அப்ளிகேஷன் காலண்டர் மேல கடலோட காலண்டரையும் வெச்சுப் பார்க்கணும்.

முதல்ல பணம். அமெரிக்க அப்ளிகேஷன் ஒண்ணுக்கு ஃபீஸ் 75லேர்ந்து 100 டாலருக்கு மேலயும் போகும். சராசரி 90 டாலர், எட்டு யுனிவர்சிட்டின்னா 720 டாலர். டாலர் 85 ரூபாய்னு வெச்சாக்கூட 61,200 ரூபாய், ஸ்கோர் அனுப்புற செலவு தனி. ஃபீஸ் கட்டுற நேரம்தான் சப்மிட் பண்ற நேரம், அதனால "எப்போ சப்மிட்?"ங்கிறது நிறைய வீட்டுல "எப்போ காசு?"ங்கிற கேள்விதான். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்துல விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கும், அதை நம்பி இருக்கிற ஐஸ் கம்பெனி, வலை பின்றவங்க, லோடு ஏத்துறவங்க எல்லாருக்கும் வேலை இருக்காது. ஜெர்மன் டெட்லைன் பாதி அந்த 61 நாளுக்குள்ளதான் வருது. அப்புறம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தா நாட்டுப்படகும் போகாது. அமெரிக்க டெட்லைன் எல்லாம் அங்க.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான் கையில கொஞ்சம் காசு புரள்ற மாசம். போர்ட்டல்கள் ஆகஸ்ட், செப்டம்பர்ல திறக்க ஆரம்பிக்கும். பேட்ச்ல ஓடுற யுனிவர்சிட்டிக்குக்கூட எங்க ஊர்ப் பிள்ளைங்களை நான் முன்னாடியே போடச் சொல்றது அதனாலதான். யுனிவர்சிட்டி அதுக்கு ஒரு மார்க்கும் தராது. ஆனா டிசம்பர்ல அப்பா வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. ஃபீஸ் தள்ளுபடி கொடுக்கிற யுனிவர்சிட்டியும் உண்டு, ஆன்லைன் அறிமுகக் கூட்டத்துல கலந்துக்கிட்டவங்களுக்கு, குறிப்பிட்ட தேதிக்குள்ள போட்டவங்களுக்குன்னு. அதெல்லாம் சீசன் தொடக்கத்துலதான் கிடைக்கும்.

பணம் இருந்தாலும் கார்டு வேலை செய்யணும். 2020ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த விதிப்படி புதுசா கொடுக்கிற கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்லதான் இருக்கும், நாமதான் ஆப்ல போய் ஆன் பண்ணணும். ஊர் பேங்க்ல அப்பா அம்மா வெச்சிருக்கிற சாதாரண ரூபே கார்டு பெரும்பாலான வெளிநாட்டு போர்ட்டல்ல போகவே போகாது. இதைத் தெரிஞ்சுக்க டெட்லைன் ராத்திரி சரியான நேரம் இல்லை. முதல் அப்ளிகேஷனை ஒரு மாசம் முன்னாடி போட்டுப் பார்த்தா கார்டு பிரச்சினை அதுலயே தெரிஞ்சுரும்.

ரெண்டாவது கரண்ட். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ நான் ஒன்பதாவது. தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டம் எல்லாம் சேர்த்து லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சுச்சு, பல கிராமத்துக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கிற வீட்டு வாசல்ல க்யூ. அந்த வருஷம் டிசம்பர் 1 டெட்லைனை நம்பி இந்தப் பக்கம் யாராவது வீட்டுல உட்கார்ந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? கஜா வருஷா வருஷம் வராது. ஆனா நவம்பர்ல ரெண்டு நாள் நெட் இல்லாம போறதுக்கு கஜா தேவையில்லை, சாதாரண காத்தழுத்தத் தாழ்வு போதும். டெட்லைனுக்குப் பத்து நாள் முன்னாடிங்கிறது என்னோட சொந்தக் கடைசித் தேதி. ஹாஸ்டல்ல ஜெனரேட்டரும் வைஃபையும் இருக்கிறவங்க அதை மூணு நாளாக் குறைச்சுக்கலாம்.

கடிகாரம்

"டிசம்பர் 15 இரவு 11:59" என்பது யாரோட இரவு? அமெரிக்க கிழக்குக் கடற்கரை நேரம்னா நமக்கு டிசம்பர் 16 காலை 10:29. கலிஃபோர்னியா நேரம்னா மதியம் 1:29. ஜெர்மனி ஜூலை 15 நள்ளிரவுன்னா நமக்கு ஜூலை 16 அதிகாலை 3:29தான், ஏன்னா கோடையில அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க. அப்ளிகன்ட்டோட ஊர் நேரம்னு எழுதியிருக்கிற போர்ட்டலும் உண்டு, அங்க நம்ம ராத்திரி 11:59தான். தெளிவா போடலைன்னா நம்ம நேரத்தையே டெட்லைனா வெச்சுக்குங்க.

அனுப்பின பிறகு

சீக்கிரம் போட்டா சீக்கிரம் பதில் வரும்னு எதிர்பார்த்தா பேட்ச்ல ஏமாற்றம்தான். அமெரிக்காவுல உதவித்தொகையோட வர்ற ஆஃபரை ஏத்துக்கறதா வேண்டாமான்னு சொல்ல ஏப்ரல் 15 வரைக்கும் மாணவர்களுக்கு நேரம் கொடுக்கணும்னு கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ல ஒரு தீர்மானம் இருக்கு, நிறைய யுனிவர்சிட்டி அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. (எங்க ஊர்ல படகு கட்டுற அதே தேதி. தற்செயல்தான், ஆனா எனக்கு இனி மறக்காது.) அன்னிக்கு நிறைய பேர் கையில இருக்கிற ஆஃபரை விடுவாங்க, அதுக்குப் பிறகு வெயிட்லிஸ்ட் நகரும். அதனால மார்ச்சுல பதில் வரலைன்னு அழ வேண்டியதில்லை.

க்யூ முறை இடங்கள்ல ஆஃபர் நாலஞ்சு வாரத்துலயே வந்து, "இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள டெபாசிட் கட்டு"ன்னு கேக்கும். நாம ரொம்ப ஆசைப்படுற இடத்தோட பதில் மார்ச்சுலதான் வரும். அதுக்கு நவம்பர்லயே எவ்வளவு கட்டத் தயார்னு வீட்டுல முன்கூட்டியே பேசி வெச்சுக்கணும். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, தள்ளிப்போட அவகாசம் தருவாங்களான்னு மெயில் போட்டுக் கேட்டா சில இடத்துல தர்றாங்க.

ரொம்ப லேட்டா போட்டு மே மாசம் ஆஃபர் வாங்கினா வேற தொல்லை. எஜுகேஷன் லோனுக்கு பேங்க் சொத்துப் பத்திரம் கேக்கும், வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பீனியன்னு அறந்தாங்கிக்கும் ஊருக்கும் நாலு தடவை பஸ் ஏறணும். பத்திரம் தாத்தா பேர்ல இருந்தா இன்னும் ரெண்டு மாசம் சேர்த்துக்குங்க. ஜெர்மனின்னா ப்ளாக்டு அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், ரூபாயில 10 லட்சத்துக்கு மேல. அமெரிக்கான்னா பணத்தைக் காட்டினாத்தான் ஐ-20, அது வந்தாத்தான் விசா அப்பாயின்ட்மென்ட், சென்னையில ஸ்லாட் கிடைக்கிறது அதுக்கப்புறம். ஆகஸ்ட் மூணாவது வாரம் க்ளாஸ் தொடங்கிரும். இதனாலதான் மே மாசம் வரைக்கும் திறந்திருக்கிற ரோலிங் கோர்ஸைப் பார்த்து "இன்னும் டைம் இருக்கு"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. அந்த டெட்லைன் பக்கத்து ஊர்லயே இருக்கிற அமெரிக்கப் பசங்களுக்கானது.

கடைசியா, பட்டனை அமுக்கினதும் வர்ற கன்ஃபர்மேஷன் பேஜை பி.டி.எஃப்.பா சேவ் பண்ணி, ஃபீஸ் ரசீதோட சேர்த்து உங்க மெயிலுக்கே அனுப்பி வெச்சுக்குங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை லாக்இன் பண்ணி, மூணு லெட்டருக்கும் நேரா டிக் விழுந்திருக்கான்னு பாருங்க. விழலைன்னா சாரோட ஸ்பாம் ஃபோல்டர்ல தேடச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.